விண்டோஸ் லைசென்ஸ்: எதோடு கட்டியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டால், ‘விண்டோஸ் 11 ப்ரோ’ என்ற ஒரே வரிக்கு மூன்று விதமாக எழுதித் தருவார்கள். ஒருவர் ஐந்து இலக்கத்தில் விலை போட்டிருப்பார். இன்னொருவர் அதைவிடக் குறைத்திருப்பார். மூன்றாமவர் ‘ஓஎஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருப்பார். இணையத்தில் தேடினால் அதே ப்ரோவுக்குச் சில நூறு ரூபாயில் கீ, அதாவது உரிம எண், கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்யும் கோப்பு நான்குக்கும் ஒன்றுதான், திரையில் தெரிவதும் ஒன்றுதான். அந்த உரிமம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மதர்போர்டோடா, வாங்கிய ஆளோடா, நிறுவனத்தோடா, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ஒப்பந்தத்தோடா? கட்டிய இடம் உடைந்தால் உரிமமும் போகும். ஆக்டிவேஷன் (உரிமத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து உறுதிசெய்வது) தொல்லைகளில் பெரும்பாலானவை, வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்காததால் பிறகு வந்து சேருபவை.

இந்தக் கட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2001இல் எக்ஸ்பியோடு வந்தது. அதற்கு முந்தைய 98இல் கீயைத் தட்டினால் வேலை முடிந்தது. ஒரே கீ எத்தனை இயந்திரத்தில் போகிறது என்று எண்ண வழியில்லை. எக்ஸ்பியோ பிராசஸர், ராம், ஹார்டுடிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று பத்து உறுப்புகளைப் பார்த்து ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, 30 நாளுக்குள் மைக்ரோசாஃப்டிடம் பதியச் சொன்னது. இப்போது அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்குத்தான் கனம் அதிகம். ராம் கூட்டலாம், ஹார்டுடிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். போர்டு மாறினால் மட்டும் விண்டோஸ் அதை வேறு கம்ப்யூட்டராகவே பார்க்கும்.

முதலில் கையில் இருப்பது என்ன?

காசு கொடுக்குமுன் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்து டெர்மினலையோ கமாண்ட் ப்ராம்ப்டையோ திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று தட்டுங்கள். வருகிற சிறு பெட்டியில் ‘சேனல்’ என்று முடியும் வரி ஒன்று இருக்கும். அதில் ‘ஓஇஎம்_டிஎம்’ என்றிருந்தால் பிராண்டட் இயந்திரம் (ஓஇஎம் என்றால் இயந்திரத்தோடு சேர்த்து விற்கும் உரிமம்). கீ பயாஸுக்குள், அதாவது மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருளுக்குள், பதிந்திருக்கிறது. ‘ரீடெய்ல்’ என்றிருந்தால் பெரும்பாலும் தனியாக வாங்கியது. ‘வால்யூம்_எம்ஏகே’, ‘வால்யூம்_கேஎம்எஸ்கிளையண்ட்’ என்றிருந்தால் நிறுவன உரிமம். வீட்டிலோ நான்கு பேர் வேலை செய்யும் கடையிலோ இருக்கும் கம்ப்யூட்டர் கேஎம்எஸ் என்று காட்டினால், யாரோ கிராக் ஓட்டியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிஎல்ஐக்குப் பதில் எக்ஸ்பிஆர் என்று தட்டினால் ஆக்டிவேஷன் நிரந்தரமா, தேதி போட்டதா என்று சொல்லும்.

‘ரீடெய்ல்’ என்ற சொல்லில் ஒரு பொறி உண்டு. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு 10 இலவசமாகக் கிடைத்தது. அப்படி ஏறிய இயந்திரங்களிலும் சேனல் ‘ரீடெய்ல்’ என்றே வரும். அவை எல்லாவற்றிலும் பதிப்புக்கு ஒன்றாக ஒரே பொதுக் கீ உட்கார்ந்திருக்கும். கடைசி ஐந்து எழுத்து ப்ரோவில் ‘3வி66டி’, ஹோமில் ‘8எச்விஎக்ஸ்7’. இந்த எழுத்துகளைப் பார்த்தால் அந்தக் கீயைக் குறித்து வைப்பதில் பயனில்லை. எந்தப் புது இயந்திரத்தையும் அது ஆக்டிவேட் செய்யாது. உரிமம் அந்தப் போர்டின் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. அடிப்படையாக இருந்த விண்டோஸ் 7 ஓஇஎம் என்றால், 10க்கு ஏறியபின்னும் அது ஓஇஎம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்து, ஹார்டுவேரும் தகுதியானது என்றால், அதே பதிப்பு 11க்குப் போக ஒரு பைசா தர வேண்டியதில்லை. டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (பயாஸில் உள்ள பாதுகாப்பு வசதி), இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவைதான் தேவை. ‘11க்குப் புது லைசென்ஸ் வாங்கணும்’ என்று சொல்லி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

பிராண்டட் லேப்டாப்போடு வரும் ஓஇஎம்

விலைக்கு விலை பார்த்தால் இதைவிட மலிவான நேர்மையான உரிமம் கிடையாது. லேப்டாப் தயாரிப்பாளர் மொத்தமாக வாங்குவதால் நமக்குத் தனியாகக் கணக்குத் தெரியாத அளவில் விலைக்குள் அடங்கிவிடுகிறது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் கீ ஸ்டிக்கரில் இல்லை, பயாஸ் சிப்பில் இருக்கிறது. ஃபார்மட் அடித்து மறுபடி போட்டால் இன்ஸ்டாலர் அதைத் தானே படித்துக்கொள்ளும். கீ கேட்காது, இணையம் வந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

இதே வசதி மூன்று இடங்களில் இடிக்கிறது. இந்தியாவில் விற்கும் வீட்டு லேப்டாப்கள் பலவற்றில் வருவது ஹோம் அல்ல, ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’. திரை மொழி ஒன்றுதான் இருக்க முடியும். மெனுக்கள் தமிழில் வேண்டும் என்று பிறகு மொழிப்பொதி சேர்க்கப் போனால் உரிமம் இடம் தராது. தமிழில் தட்டச்சு செய்ய இது தடையே இல்லை. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளை வழக்கம்போல் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ப்ரோ கீ வாங்கி வைத்துக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது நடப்பது. பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரையே வராது. இன்ஸ்டாலர் பயாஸில் இருக்கும் ஹோம் கீயைப் பார்த்து ஹோமைப் போட்டுவிடும். ஹோமைப் போட்டு முடித்து, செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் வழியாகப் போய் ‘கீயை மாற்று’ என்பதில் ப்ரோ கீயைக் கொடுப்பது எளிய வழி. நிறைய இயந்திரம் இருந்தால் பென்டிரைவில் உள்ள ‘சோர்சஸ்’ ஃபோல்டருக்குள் ‘பிஐடி’ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைத்து அதில் கீயை எழுதிவிடலாம். அப்போது பயாஸ் கீயைக் கண்டுகொள்ளாது.

மூன்றாவதுதான் காசுக்கு வேட்டு வைப்பது. லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று சிப் லெவல் சர்வீஸுக்குக் கொடுக்கிறோம். சென்னை ரிச்சி தெருவிலோ ஊரில் வேறு எங்கோ, பயாஸ் கரப்ட் என்று கண்டுபிடித்து, இணையத்தில் கிடைத்த அதே மாடலின் பயாஸ் கோப்பை எழுதித் தருகிறார்கள். இயந்திரம் உயிர் பெறும், விண்டோஸ் ஆக்டிவேஷன் போயிருக்கும். அந்தக் கோப்பில் உங்கள் கீ இருந்த அட்டவணையும் இல்லை, உங்கள் சீரியல் எண்ணும் இல்லை. அதனால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே ‘பழைய பயாஸை முதலில் ரீட் பண்ணி பேக்கப் எடுத்து அந்தக் கோப்பையும் கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். பயாஸின் மற்ற பகுதிகள் கெட்டிருந்தாலும் கீ இருக்கும் பகுதி பல நேரம் படிக்கும் நிலையில் இருக்கும், புதுக் கோப்பில் அதைச் சேர்த்து எழுதலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டே மாற்றினால் புதுப் போர்டில் கீயையும் சீரியலையும் எழுதித் தருவது அவர்கள் வேலை. ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடுமுன் இணையத்தோடு இணைத்து ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

விண்டோஸ் இல்லாமல் ‘டாஸ் லேப்டாப்’ என்று சில ஆயிரம் குறைத்து விற்கிறார்களே, அதில் இந்தக் கீ இருக்காது. லினக்ஸ் போடப் போகிறவருக்கு அது நல்ல பேரம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகவே பிறகு கொடுக்க வேண்டிவரும்.

அசெம்பிள்டு இயந்திரத்துக்கு: ஓஇஎம்மா, ரீடெய்லா?

இங்குதான் உண்மையான முடிவெடுக்க வேண்டும். கடைக்காரர் தரும் ஓஇஎம், சிஸ்டம் பில்டர்களுக்கென்று, அதாவது கம்ப்யூட்டர் கட்டி விற்பவர்களுக்கென்று, விற்கப்படுவது. அது ஏறிய முதல் போர்டோடு சேர்ந்துவிடும். போர்டு பழுதாகி, உத்தரவாதத்தில் அதே மாடலோ தயாரிப்பாளர் தரும் ஈடான போர்டோ வந்தால் உரிமம் தொடரும். வேகம் வேண்டும் என்று நீங்களாகப் போர்டை மாற்றினால் விதிப்படி புது உரிமம் வாங்க வேண்டும். உதவி கேட்கவும் மைக்ரோசாஃப்டை அழைக்க முடியாது. இயந்திரத்தைக் கட்டிக் கொடுத்தவர்தான் பொறுப்பு. அந்தக் கடை மூடிவிட்டால் பொறுப்பும் மூடிவிட்டது.

ரீடெய்ல் உங்களுக்குச் சொந்தம். பழைய இயந்திரத்திலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததற்குக் கொண்டுபோகலாம். அமெரிக்க விலையில் ஹோம் 139 டாலர், ப்ரோ 199.99 டாலர். முதலில் கனமாகத் தெரியும். ஆனால் 2015இல் விண்டோஸ் 10 ரீடெய்ல் வாங்கியவர் அதே உரிமத்தில் 11க்கும் வந்துவிட்டார், நடுவில் போர்டு இரண்டு முறை மாறியிருந்தாலும். ஓஇஎம் வாங்கியவர் அதற்குள் மூன்று தடவை கொடுத்திருப்பார். ஐந்தாறு வருடத்துக்குள் போர்டு மாறும் வாய்ப்பு இருக்கிற எந்த இயந்திரத்துக்கும் ரீடெய்ல்தான் என் தேர்வு. பில்லிங் கவுன்டரில் வைத்துவிட்டு, போர்டு போனால் முழுசாகவே தூக்கிப் போடப்போகும் இயந்திரத்துக்கு ஓஇஎம் போதும்.

ரீடெய்லை மாற்றும்போது பலர் சறுக்கும் இடம்: எஸ்எல்எம்ஜிஆர் சாய்கோடு யுபிகே என்று தட்டினால் கீ ‘விடுபட்டுவிடும்’ என்று நம்புகிறார்கள். அது அந்த இயந்திரத்திலிருந்து கீயை அழிக்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் சர்வருக்கு எதுவும் சொல்வதில்லை. அதனால் புது இயந்திரத்தில் ‘சி004சி008’ என்று முடியும் பிழை வரலாம். கீ ஏற்கெனவே வேறெங்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். ரன் பெட்டியில் எஸ்எல்யுஐ 4 என்று தட்டி, நாட்டைத் தேர்ந்தெடுத்து, போன் வழி ஆக்டிவேஷனுக்குப் போங்கள். திரையில் வரும் ஒன்பது தொகுதி எண்களைக் கொடுத்தால், பதிலுக்கு எட்டுத் தொகுதி எண் வரும். அவசரத்தில் ஒரு இலக்கம் தவறினால் முழுதும் வீண். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டுவதே நல்லது.

போர்டு மாற்றப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் வேலை இன்னும் எளிது. ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் அட்மின் அக்கவுண்டில் நுழைந்து மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைச் சேருங்கள். அலுவலக அக்கவுண்ட் இதற்கு உதவாது, தனிப்பட்ட அக்கவுண்ட் வேண்டும். கூடவே கம்ப்யூட்டருக்குப் புரிகிற பெயர் வையுங்கள். டெஸ்க்டாப் என்ற சொல்லும் புரியாத ஏழு எழுத்துமாக நான்கு இயந்திரம் பட்டியலில் நின்றால் எது எது என்று தெரியாது. போர்டு மாற்றியபின் ‘சி004எஃப்211’ என்று பிழை வரும். ட்ரபிள்ஷூட் பட்டனை அழுத்தி, ‘அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்து, பட்டியலில் பழைய பெயரைக் குறித்து ஆக்டிவேட் கொடுங்கள். இந்த வசதி 2016இல் வந்தது. போர்டு மாற்றியபின் இணைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், இணைக்க அங்கே எதுவும் இருக்காது.

எந்த உரிமம் ஆனாலும், ஜிஎஸ்டி பில்லில் ‘ஓஎஸ் லோடட்’ என்று எழுத விடாதீர்கள். ‘விண்டோஸ் 11 ப்ரோ ஓஇஎம்’ அல்லது ‘ரீடெய்ல்’ என்று தனி வரியாக, தனி விலையோடு இருக்க வேண்டும்.

வால்யூம்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பத்து இயந்திரம் தாண்டியதும் ‘வால்யூம் லைசென்ஸ் எடுத்துவிடலாம்’ என்ற பேச்சு வரும். விண்டோஸ் வால்யூம் உரிமம் ஓர் அப்கிரேடு உரிமம். அது நிற்க, கீழே ஏற்கெனவே தகுதியான ஒரு முழு விண்டோஸ் உரிமம் அந்த இயந்திரத்துக்கு இருக்க வேண்டும். ஒன்றுமில்லாத டாஸ் இயந்திரத்தில் வால்யூம் ப்ரோவைப் போட்டால் ஆக்டிவேட் ஆகும்; தணிக்கையில் மட்டும் அது உரிமம் இல்லாத இயந்திரம். காசும் கொடுத்து, தப்பும் நம் பேரில் நிற்கும் இந்த நிலைமைதான் சிறு நிறுவனங்களுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம். இதற்கென்றே ‘கெட் ஜெனுயின்’ என்று ஒரு தனி உரிமம் இருக்கிறது. ஏற்கெனவே கிராக்கில் ஓடும் இயந்திரங்களைச் சட்டப்படி சரிசெய்ய, நிறுவனங்களுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் பார்ட்னர்கள் விற்பது. கொட்டேஷனில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பழைய ஓப்பன் லைசென்ஸ் திட்டத்தில் குறைந்தது ஐந்து எடுக்க வேண்டியிருந்தது. அதில் புதிதாக வாங்குவது 2021 முடிவோடு நின்றுவிட்டது.

ஆக்டிவேட் செய்யும் முறையிலும் தேர்வு இருக்கிறது. கேஎம்எஸ் என்றால் உங்கள் நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வர், 1688 போர்ட்டில், மற்ற இயந்திரங்களை ஆக்டிவேட் செய்யும். ஒரு தடவை செய்தால் 180 நாள். ஒவ்வொரு 7 நாளும் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் 25 இயந்திரமாவது வந்து தட்டினால்தான் அந்த சர்வர் வேலை செய்யவே தொடங்கும். 12 இயந்திரம் உள்ள அலுவலகத்தில் கேஎம்எஸ் அமைத்துவிட்டு ‘சி004எஃப்038’ பிழையோடு மல்லுக்கட்டுவது வீண்; எண்ணிக்கை போதவில்லை என்று அது நேராகவே சொல்கிறது. அங்கே எம்ஏகே கீதான், அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பல இயந்திரங்களை ஆக்டிவேட் செய்யும் ஒரே கீ. அதிலும் கணக்கு உண்டு: ஒவ்வொரு ஃபார்மட்டும் ஒரு ஆக்டிவேஷனைத் தின்னும், திரும்பி வராது. மைக்ரோசாஃப்டின் விஏஎம்டி என்ற இலவசக் கருவியில் ஒவ்வோர் இயந்திரத்தின் உறுதிப்பாட்டு எண்ணையும் சேமித்து வைத்தால், அதே ஹார்டுவேரை மறுபடி ஃபார்மட் செய்யும்போது பழைய எண்ணையே போட்டுக்கொள்ளலாம், கணக்குக் குறையாது.

கல்லூரியிலிருந்து வெளியே வந்த மாணவர்களின் லேப்டாப்பில் ‘சி004எஃப்074’ வருவதற்கும் கேஎம்எஸ்தான் காரணம். கல்லூரி லேபில் நிறுவனங்களுக்கான என்டர்ப்ரைஸ் பதிப்பைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். வளாகத்தை விட்டு 180 நாள் ஆனதும், சர்வரைக் காணோம் என்று அது சொல்கிறது. பயாஸில் உள்ள ஹோம் கீயைத் தட்டிப் பார்த்தால் ஏற்காது. என்டர்ப்ரைஸிலிருந்து ஹோமுக்குக் கீ மாற்றி இறங்க வழி கிடையாது. கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, சுத்தமாக ஹோமை இன்ஸ்டால் செய்ய வேண்டும். லேப்டாப்போடு வந்த உரிமம் அங்கேயே பத்திரமாக இருக்கிறது; செலவு ஒரு மாலை நேரம்தான்.

சில நூறு ரூபாய் கீ

அந்தக் கீக்கள் பெரும்பாலும் போலி எண்கள் அல்ல. அதனால்தான் ஆக்டிவேட் ஆகின்றன. ஏதோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகே, மென்பொருள் உருவாக்குவோருக்குச் சோதனைக்காகக் கொடுத்த கீ, கல்வி நிறுவனத்துக்குக் கொடுத்த கீ என்று எங்கிருந்தோ கசிந்து பிரித்து விற்கப்படுபவை. உரிமையாளர் கவனித்தோ, கணக்குத் தாண்டியோ கீ முடக்கப்பட்டால் ‘சி004சி003’ வரும். விற்றவர் இன்னொரு கீ அனுப்புவார். அதுவும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

‘ஐரோப்பாவில் இது சட்டப்படி சரி’ என்று விற்பவர்கள் எழுதுகிறார்கள். பாதி உண்மை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000இல் ஓஇஎம் பிரதிகளைத் தனியாக விற்கலாம் என்றது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் வழக்கில், டவுன்லோடாக விற்ற நிரந்தர உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்றது. விற்பவர் தன் பிரதியை அழித்திருக்க வேண்டும் என்பதோடு. அந்தத் தீர்ப்புகள் இங்கே செல்லாது. ஒரே எம்ஏகேயை நூறு பேருக்குப் பிரித்து விற்பதை அங்கேயும் அவை அனுமதிக்கவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமம் இல்லாத பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. வியாபாரத்துக்காக அல்ல என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். கடை, ஆபீஸ், டியூஷன் சென்டர் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

‘ஆக்டிவேட்டர்’ கருவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஓட்டுமுன் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும், ஒரு ஃபோல்டரை விலக்கி வைக்கச் சொல்லும். பிறகு அந்த ஃபோல்டருக்குள் என்ன வந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. நெட் பேங்கிங்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் ஓடும் இயந்திரத்தில் இதைச் செய்ய எந்த விலைக் கணக்கும் நியாயம் சொல்லாது.

ஆக்டிவேட் செய்யாமல் விட்டால் விண்டோஸ் 10ம் 11ம் ஓடும். மூலையில் வாசகம் நிற்கும், வால்பேப்பர், நிறம் போன்றவற்றை மாற்ற விடாது, பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும். புது இயந்திரத்தைச் சோதிக்கும் சில நாள்களுக்கு இது சரி. உரிம விதி அதற்குமேல் அனுமதிப்பதில்லை.

உரிமம் சரியாக இருந்தும் ஆக்டிவேஷன் போனால்

நேர்மையாக வாங்கியவர்களைத்தான் இது அதிகம் காயப்படுத்துகிறது. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வர் ஏறத்தாழ 19 மணி நேரம் கோளாறாகி, அவர்கள் கணக்குப்படியே 12,000க்குச் சற்றுக் குறைவான அசல் இயந்திரங்களை அசல் அல்ல என்றது. 2018 நவம்பர் 8 அன்று விண்டோஸ் 10 ப்ரோ டிஜிட்டல் லைசென்ஸ் வைத்திருந்தவர்களிடம் ‘உங்களுடையது ஹோம்’ என்றது. 2019 ஜனவரியில் கேஎம்எஸ் வழி ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 7 இயந்திரங்களையும் அசல் அல்ல என்றது.

ஆகவே நேற்றுவரை சரியாக இருந்தது இன்று தடுமாறினால் புதுக் கீ வாங்கவோ, இருப்பதை அழிக்கவோ ஓடாதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னுக்குப் போயிருந்தால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பே நடக்காது. சில பத்து ரூபாயில் தீரும் காரியம். தேதி சரியென்றால் ஒரு நாள் பொறுங்கள். பிறகு எஸ்எல்எம்ஜிஆர் சாய்கோடு ஏடிஓ என்று கொடுத்து மறுபடி முயலுங்கள்.

விண்டோஸ் 10இல் நிற்கிற 12 இயந்திரம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நம் ஊரில் வழக்கமாகப் பார்க்கக் கூடிய ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம்: ஐந்து பிராண்டட் லேப்டாப், ‘ஓஎஸ் ஃப்ரீ’ என்று வாங்கிய நான்கு 10ஆம் தலைமுறை அசெம்பிள்டு, விண்டோஸ் 7 காலத்து 4ஆம் தலைமுறை டெஸ்க்டாப் மூன்று.

லேப்டாப்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஹோமிலேயே 11க்கு ஏற்றுங்கள். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய வேண்டிய இயந்திரம் எதுவோ அதற்கு மட்டும் ப்ரோ அப்கிரேடு. அமெரிக்க விலையில் 99 டாலர். ஐந்துக்கும் ப்ரோ என்று கொட்டேஷன் வந்தால், டொமைன் (எல்லா இயந்திரத்தையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நான்கை அடித்துவிடலாம்.

நான்கு அசெம்பிள்டுக்கும் ‘கெட் ஜெனுயின்’, ரீடெய்ல் இரண்டுக்கும் விலை வாங்குங்கள். முன்னது ஒதுக்கிய கம்ப்யூட்டரோடே இருக்கும், பின்னது உங்களோடு நகரும். இன்னும் ஐந்து வருடம் அப்படியே ஓடப்போகும் இயந்திரத்துக்கு முன்னது. இரண்டு வருடத்தில் மாற்றப் போவதற்கு ரீடெய்ல். ரீடெய்ல் கார்டைப் பிரித்ததும் கீயைப் போட்டோ எடுத்து, பில்லோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். கிராக் ஓடிய இயந்திரங்களை அப்படியே கீ மாற்றி விடாமல், ஃபார்மட் அடித்துச் சுத்தமாகப் போடுவதுதான் சரி.

மூன்று பழைய டெஸ்க்டாப்பில் உரிமச் செலவு செய்யவே வேண்டாம். 11 ஏறாது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் தனிநபர்களுக்கு 30 டாலர் என்றும், கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் செய்தால் இலவசம் என்றும் 2026 அக்டோபர் 13 வரைக்கு அறிவித்தார்கள். அதுவும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கும். நிறுவனங்களுக்கு ஓர் இயந்திரத்துக்கு முதல் ஆண்டு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகி, மூன்று ஆண்டுக்கு 427 டாலர். பத்து வருடம் தாண்டிய டெஸ்க்டாப்புக்கு இதைக் கொடுப்பதைவிடப் புது இயந்திரம் வாங்கலாம்.

அவற்றில் டேலி ஓடும் இயந்திரம் ஒன்று இருந்தால், டேலியை லேப்டாப்புக்கு மாற்றுங்கள். அது அதிகாரபூர்வமாக விண்டோஸில்தான் ஓடும். ஆதார் கைரேகைக் கருவியும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதோடு போகட்டும். பிரவுசரும் கடிதமும் விலைப்பட்டியலும் மட்டுமே வேலை என்றால் மீதி இரண்டுக்கும் லினக்ஸ் மின்ட் 22 போதும். 2029 வரை அப்டேட் உண்டு, கீ கிடையாது, போர்டு மாற்றினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். தமிழ்99க்கு ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால் தட்டச்சு தயார். பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கடிதங்கள், எழுத்துருவைப் போட்டதும் லிப்ரே ஆபீஸில் திறக்கும். பேஜ்மேக்கர் கோப்புகள் இருந்தால் அவற்றை விண்டோஸ் இயந்திரத்திலேயே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள்.

ஹார்டுடிஸ்கைத் தொடுமுன் மின்ட்டை பென்டிரைவிலிருந்தே ஓட்டி, அலுவலக பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். நம் ஊர் ஆபீஸ்களில் பாதிக்கு மேல் கண்ணில் படும் கேனான் எல்பிபி2900 லினக்ஸில் எளிதாக ஓடுவதில்லை. அதன் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களைக் கேட்கும். ஓடவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த பிரிண்டரை லேப்டாப் ஒன்றில் மாட்டி, நெட்வொர்க்கில் ஒரு ஃபோல்டரைப் பொதுவாக வைத்து, மின்ட் இயந்திரங்களிலிருந்து பிடிஎஃப்பை அதில் போடச் சொல்லுங்கள்.